மடிப்பும் கீறலும்: ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களை இல்லத்தில் செப்பனிடுவதன் வழிகளும் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களைத் தம்மிடம் வைத்திருப்போர், அவற்றிலுள்ள மடிப்புகளையும் கீறல்களையும் தாமே சீர்செய்ய முற்படுவது உண்டு. இம்முயற்சிகளில் எவை பாதுகாப்பானவை, எவை தவிர்க்கத்தக்கவை என்பதைத் தாளின் அமைப்பு, நிறங்களின் இயல்பு, அச்சிடும் முறை ஆகிய மூன்றின் அடிப்படையில் இக்கட்டுரை விளக்குகிறது. மடிப்பு, தாளின் இழைகள் இடம் பெயர்ந்த நிலை. கீறல், நிறமோ இழையோ இழக்கப்பட்ட நிலை. முன்னதை ஓரளவு மீட்கலாம். பின்னதை மறைக்க மட்டுமே இயலும். அச்சோவியத்தில் காணப்படும் கோடுகள் அனைத்தும் சேதங்கள் அல்ல. சில கட்டையிலும் சில அச்சிடும் வேளையிலும் உண்டானவை. இவற்றைப் பிரித்தறியாமல் செய்யப்படும் சீரமைப்பு, ஓவியத்தின் வரலாற்றுச் சான்றை அழித்துவிடும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: உகியோ-எ, மரக்கட்டை அச்சு, கோசோ தாள், மடிப்பு, கீறல், தாள் பாதுகாப்பு, மறுவண்ணம்.

முன்னுரை

ஜப்பானில் எதோ காலம் எனப்படும் 1603 முதல் 1868 வரையிலான காலப்பகுதியில், நகர மக்களின் பொழுதுபோக்குக்காகவும் நுகர்வுக்காகவும் மரக்கட்டை அச்சோவியங்கள் பெருமளவில் உருவாக்கப்பட்டன. இவை உகியோ-எ எனப் பெயர் பெற்றன. 1765ஆம் ஆண்டில் சுசுகி ஹருனோபுவின் ஓவியங்களோடு பல கட்டைகளைக் கொண்டு முழுவண்ணத்தில் அச்சிடும் முறை நிலைபெற்றது. பின்னர் கட்சுஷிகா ஹொகுசாய், உதகாவா ஹிரோஷிகே முதலியோரின் நிலக்காட்சிகள் உலகப் புகழ் எய்தின.

இவ்வோவியங்கள் தோன்றிய காலத்தில் அருங்காட்சியகப் பொருள்களாகக் கருதப்படவில்லை. அவை கடைகளில் எளிய விலைக்கு விற்கப்பட்டன, கையில் எடுத்துப் பார்க்கப்பட்டன, மடித்து வைக்கப்பட்டன, ஏடுகளில் ஒட்டப்பட்டன. ஆகவே இன்று கிடைக்கும் படிகளில் நடுமடிப்பு, மூலைச் சுருக்கம், உராய்வுத் தடம் ஆகியவை இருப்பது இயல்பே. இப்படிகளுள் பல உலகெங்கும் தனியார் இல்லங்களில் உள்ளன. தாள் பாதுகாப்பு வல்லுநரை அணுக வாய்ப்பில்லாத உரிமையாளர், வீட்டில் கிடைக்கும் நீர், இஸ்திரிப் பெட்டி, ஒட்டும் நாடா, நீர்வண்ணம் ஆகியவற்றின் துணையை நாடுகிறார். சிறு மடிப்பு ஒன்றை நீக்க முயன்று, ஓவியத்தின் நிறத்தையே இழக்கும் நிலை இவ்வாறுதான் உண்டாகிறது. இல்லத்தில் செய்யத்தக்கது எதுவரை, எங்கே நிறுத்த வேண்டும் என்ற வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாளும் நிறமும்

செப்பனிடும் முறையைத் தீர்மானிப்பது ஓவியத்தின் பொருளமைப்பே. உகியோ-எ ஓவியங்கள் பெரும்பாலும் காகித முசுக்கட்டை இனச் செடியான கோசோவின் உட்பட்டை இழைகளால் ஆன தாளில் அச்சிடப்பட்டன. அவற்றுள் ஹோஷோ என்னும் தடித்த, மென்மையான தாள் சிறப்பிடம் பெற்றது. இன்றைய ஃபுகுயி மாநிலத்தைச் சேர்ந்த எச்சிசென் பகுதி ஹோஷோ தாளுக்குப் பெயர் பெற்றது. கோசோ இழைகள் நீளமானவை. அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் தாள் மடிந்தாலும் எளிதில் முறிவதில்லை. மரக்கூழால் ஆன பழைய செய்தித்தாள் மடிப்பில் ஒடிந்து உதிர, 200 ஆண்டுப் பழமையுடைய கோசோ தாள் வளைந்து கொடுப்பதற்கு இவ்விழை நீளமே முதன்மைக் காரணம். மடிப்பைத் தளர்த்துவது சாத்தியமாவதும் இதனாலேயே.

அச்சிடுவதற்கு முன் தாளின் மீது தோசா எனப்படும் கரைசல் பூசப்படும். விலங்குத் தோலிலிருந்து எடுக்கப்படும் வச்சிரப் பசையும் படிகாரமும் கலந்த இக்கரைசல், நிறம் தாளில் கட்டுமீறிப் பரவாமல் தடுக்கிறது. பின்னர் தாள் ஈரமாக்கப்படும். செதுக்கிய கட்டையின் மீது நீரில் கலந்த நிறத்தையும் சிறிதளவு அரிசிப் பசையையும் தூரிகையால் பரப்பித் தாளை அதன்மேல் வைப்பர். பாரென் என்னும் வட்டமான தேய்ப்பானால் தாளின் முதுகுப்புறத்தை அழுத்தித் தேய்ப்பர். அச்சு இயந்திரமோ எண்ணெய் மையோ இதில் இடம்பெறுவதில்லை. நிறம் தாளின் மேற்பரப்பில் ஒரு படலமாக நிற்காமல், இழைகளுக்குள் அழுந்திச் செல்கிறது.

இம்முறையிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. நீரால் சேர்க்கப்பட்ட நிறம் மீண்டும் நீரைச் சந்திக்கும்போது அசையக்கூடும் என்பது ஒன்று. நிறத்தின்மேல் காப்புப் பூச்சு எதுவும் இல்லாமையால், மேற்பரப்பில் ஏற்படும் உராய்வு நேரே இழைகளைத் தாக்கும் என்பது மற்றொன்று.

ஒரு கோடு எப்போது உண்டானது?

அச்சோவியத்தில் காணும் தேவையற்ற கோடு ஒவ்வொன்றையும் சேதம் எனக் கொள்வது தவறு. அக்கோடு தோன்றிய காலத்தைக் கொண்டு அதனை மூவகைப்படுத்தலாம்.

முதல்வகை, கட்டையில் உண்டானது. ஒரே கட்டையிலிருந்து ஏராளமான படிகள் எடுக்கப்படும்போது மெல்லிய கோடுகள் தேய்ந்து உடையும். அவ்வுடைப்பு அச்சில் இடைவெளியாகத் தெரியும். ஏறத்தாழ 1831இல் வெளிவந்த ஹொகுசாயின் ‘கனகாவா அருகே பேரலை’ ஓவியத்தின் பிந்தைய படிகளில், தலைப்புக் கட்டத்தின் எல்லைக்கோடு முதலிய இடங்களில் இத்தகைய இடைவெளிகள் உள்ளன. ஒரு படி முற்பட்டதா பிற்பட்டதா என ஆய்வாளர் கணிக்க இவை துணைபுரிகின்றன. வானத்திலும் நீர்ப்பரப்பிலும் இணைகோடுகளாகத் தோன்றும் மரவரித் தடங்களும் இவ்வகையினவே. இவற்றைக் கீறல் எனக் கருதி நிறம் நிரப்புவது, ஓவியத்தின் காலச்சான்றைத் திருத்துவதாகும்.

இரண்டாம்வகை, அச்சிடும் வேளையில் உண்டானது. பாரெனின் சுழற்சியால் பரந்த நிறப்பரப்பில் வட்டத் தடங்கள் விழுவதுண்டு. ஈரத்தாள் கட்டையின்மீது சிறிதே மடங்கிய நிலையில் அச்சிடப்படுவதும் உண்டு. அவ்வாறாயின் மடிப்பின் உட்புறத்தில் நிறம் படியாது. அம்மடிப்பைப் பிரித்து விரித்தால் அச்சிடப்படாத வெண்கோடு ஒன்று வெளிப்படும். கோடுகளும் இருபுறமும் விலகி நிற்கும். அச்சாளர் மடிப்பு எனப்படும் இதனைத் தட்டையாக்க முயல்வோர், இல்லாத குறையைப் புதிதாக உண்டாக்குகின்றனர். இதனை அப்படியே விட்டுவிடுவதே முறை.

மூன்றாம்வகை, கையாளும்போது உண்டானது. ஏட்டில் வைக்க மடித்த நடுமடிப்பு, விரல் பட்ட இடத்தில் எழும் பிறைவடிவச் சுருக்கம், மூலை மடங்கல், பொருளொன்று உரசிய கீறல் ஆகியவை இதிலடங்கும். செப்பனிடுதல் என்ற பேச்சு இவ்வகைக்கு மட்டுமே உரியது.

இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனைகள் உள்ளன. இருட்டறையில் விளக்கைத் தாளின் பக்கவாட்டில் தாழ வைத்து நோக்கினால், சாய்வொளியில் மடிப்பு நிழலாக எழும். நிறமில்லாத இடைவெளி நிழல் தராது. தாளின் முதுகுப்புறத்தை நோக்கினால் கையாளலால் ஏற்பட்ட மடிப்பு அங்கும் தெரியும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வழியே பார்த்தால், கீறலில் இழைகள் எழும்பியோ கிழிந்தோ காணப்படும். கட்டையின் உடைப்பால் வந்த இடைவெளியில் இழைகள் குலையாமல் இருக்கும். அருங்காட்சியகங்கள் இணையத்தில் வெளியிட்டுள்ள அதே ஓவியத்தின் வேறு படிகளோடு ஒப்பிடுவதும் பயன்தரும். ஒரே இடத்தில் ஒரே இடைவெளி பல படிகளில் காணப்பட்டால் அது கட்டைக்குரியது என்பது உறுதி.

நிறங்களும் ஈரமும்

மடிப்பைத் தளர்த்த ஈரம் தேவைப்படலாம். எனவே எந்த நிறம் ஈரத்தைத் தாங்கும் என்பதை முன்னரே அறிதல் இன்றியமையாதது. ஓவியம் அச்சான காலம் இதற்கு நல்ல வழிகாட்டியாகும்.

18ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் தாவர நிறங்கள் மிகுதி. அய்கமி என்னும் நீலம், கானாவாழையின் இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் பூவிலிருந்து பெறப்பட்டது. இது நீர்பட்ட மாத்திரத்தில் கரையும், ஒளியிலும் மங்கும். பெனி என்னும் சிவப்பு, குசும்பாப் பூவிலிருந்து எடுக்கப்பட்டது. காரத்தன்மையுடைய நீர் இதனைக் கரைத்து வெளியேற்றும். மஞ்சள், அவுரி முதலிய தாவரப் பொருள்களோடு, அரிதாரம், ஈயச்செந்தூரம், சாதிலிங்கம், இரும்புச் செங்காவி ஆகிய கனிம நிறங்களும் வழங்கின. கனிம நிறங்கள் நீரில் கரைவதில்லை. ஆயினும் அவற்றின் துகள்களைப் பிடித்திருக்கும் பசை தளர்ந்தால் துகள்கள் உதிரக்கூடும்.

ஏறத்தாழ 1830 முதல் பிரஷ்ய நீலம் பரவலாகப் பயன்பட்டது. ஹொகுசாயின் ‘ஃபுஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்’ வரிசையும், 1856 முதல் 1858 வரை வெளிவந்த ஹிரோஷிகேயின் ‘எதோவின் புகழ்பெற்ற நூறு காட்சிகள்’ வரிசையும் இந்நீலத்தால் சிறப்புற்றவை. இது நீரில் கரையாதது. ஆனால் காரத்தால் பழுப்பாக மாறும். சோடா மாவு, சோப்பு முதலியவற்றைக் கலந்த நீரால் துடைப்பது இதனாலேயே கேடு விளைக்கும்.

மெய்ஜி காலத்தில், அதாவது 1868க்குப் பின், இறக்குமதியான அனிலின் சாயங்கள் பெருகின. அழுத்தமான சிவப்பும் ஊதாவும் கொண்ட இக்கால ஓவியங்களில் ஒரு துளி நீரே நிறத்தைக் கசியச் செய்துவிடும். இவற்றுக்கு எவ்வகை ஈரச் சிகிச்சையும் இல்லத்தில் பொருந்தாது. 20ஆம் நூற்றாண்டில் வெளியீட்டாளர் வாதனாபே ஷோசாபுரோவின் முயற்சியால் வளர்ந்த ஷின்-ஹங்கா ஓவியங்களில் நிறங்கள் பொதுவாக உறுதியானவை எனினும், அவற்றையும் சோதிக்காமல் ஈரப்படுத்தக் கூடாது. 1923ஆம் ஆண்டின் பெரும் காந்தோ நிலநடுக்கத்தை அடுத்த தீயில் வாதனாபேயின் கட்டைகளும் இருப்பும் அழிந்தன. அதனால் கவாசே ஹசுயி முதலியோரின் நிலநடுக்கத்துக்கு முந்தைய படிகள் அரியவை. அத்தகைய படிகளில் துணிந்து சோதனை செய்வது தகாது.

நிறத்தைச் சோதிக்கும் முறை எளியது. மிக நுண்ணிய தூரிகையின் நுனியில் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, ஓரத்தில் உள்ள நிறப்புள்ளி ஒன்றைத் தொட்டுச் சில நொடிகள் கழித்து வெண்மையான ஒற்றுத்தாள் துண்டால் அழுத்தாமல் ஒற்ற வேண்டும். ஒற்றுத்தாளில் நிறச்சாயல் சிறிதளவு தெரிந்தாலும் ஈர முறையைக் கைவிட வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சோதிப்பது கட்டாயம். இச்சோதனையே ஒரு தடத்தை விட்டுச்செல்லக்கூடும் என்பதால், அய்கமி அல்லது அனிலின் இருக்கலாம் என்ற ஐயம் எழும் ஓவியத்தில் சோதனையையும் தவிர்ப்பது நன்று.

மடிப்பைத் தளர்த்துதல்

எந்தச் சீரமைப்புக்கும் முன் ஓவியத்தின் முன்புறம், முதுகுப்புறம், சாய்வொளித் தோற்றம் ஆகியவற்றை ஒளிப்படம் எடுத்து வைத்தல் வேண்டும். பின்னர் மென்மையான தூரிகையால் முதுகுப்புறத் தூசியை நீக்கலாம். நிறப்பரப்பின்மீது அழிப்பான் எதனையும் பயன்படுத்தலாகாது.

முதல் முயற்சி ஈரமின்றியே அமைய வேண்டும். ஓவியத்தை அமிலமற்ற இரு வழவழப்பான தாள்களுக்கிடையே வைத்து, அவற்றின் வெளிப்புறம் தடித்த ஒற்றுத்தாள்களை இட்டு, ஓவியத்தைவிடப் பெரிய பலகை ஒன்றையும் மிதமான எடையையும் ஏற்றி, சில வாரங்கள் விட்டுவைத்தல் போதும். கோசோ இழைகளின் நெகிழ்வால் மென்மையான சுருக்கங்களும் மூலை வளைவுகளும் இம்முறையிலேயே பெரிதும் தணிகின்றன. காலம் செல்லும் என்பது தவிர இதில் இடர் குறைவு.

இவ்வாறு தணியாத மடிப்புக்கு, நிறங்கள் சோதனையில் தேறியிருந்தால், நீராவியற்ற குளிர் ஈரப்பதத்தைப் பயன்படுத்தலாம். மூடியுள்ள அகன்ற தட்டையான பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த ஒற்றுத்தாளைப் பரப்ப வேண்டும். அதற்குமேல் நீர் தொடாத உயரத்தில் பிளாஸ்டிக் வலைத்தட்டு ஒன்றை அமைத்து, நெய்யாத பாலியெஸ்டர் துணியை விரித்து, அதன்மீது ஓவியத்தை முகம் மேல்நோக்க வைத்து மூடவேண்டும். மூடியின் உட்புறம் நீர்த்துளி திரண்டு ஓவியத்தின்மேல் விழாதிருக்க, அங்கும் உலர்ந்த ஒற்றுத்தாள் ஒன்றைப் பொருத்துதல் நலம். 20 முதல் 40 நிமிடங்களுக்குள் தாள் தளர்ந்து மென்மையாகும். இடையிடையே திறந்து நோக்குதல் தேவை. தாள் ஈரமாகத் தெரியலாகாது. தொட்டால் குளிர்ச்சியும் தளர்ச்சியும் மட்டுமே உணரப்பட வேண்டும்.

தளர்ந்த தாளை வெளியே எடுத்து, முதுகுப்புறத்திலிருந்து மடிப்பின் இருபக்கமும் விரல்களால் மெல்ல விரித்து, பாலியெஸ்டர் துணி, ஒற்றுத்தாள், பலகை, எடை என்ற வரிசையில் அடுக்க வேண்டும். ஒற்றுத்தாளை 15 நிமிடம் கழித்தும், ஒரு மணி நேரம் கழித்தும், மறுநாளும் மாற்ற வேண்டும். அதன்பின் குறைந்தது ஒரு வாரம் எடையின்கீழ் இருத்தல் வேண்டும். உலர்வதற்கு முன் எடுத்தால் தாள் அலையலையாக நெளியும். ஈரத்தோடு பலநாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இம்முறைக்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. கராசுரி என்பது நிறமின்றிக் கட்டையால் அழுத்திப் புடைப்புருவம் உண்டாக்கும் நுட்பம். ஆடையின் நெசவு, பறவையின் இறகு, பனியின் வடிவம் ஆகியவை இவ்வாறு தாளிலேயே எழுப்பப்பட்டிருக்கும். ஈரமும் எடையும் சேர்ந்தால் இப்புடைப்பு மறைந்துவிடும். அதனை எவராலும் மீட்க இயலாது. அப்பிரகத் தூளால் பின்னணியை மின்னச் செய்யும் கிராசுரியும், முன்புறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஷோமென்சுரியும் கொண்ட படிகளும் இதே எச்சரிக்கைக்கு உரியவை. மடிப்பு நீங்கிப் புடைப்பும் நீங்கிய ஓவியம், மடிப்போடு இருந்த ஓவியத்தைவிடக் குறைபட்டதாகும்.

சூடான இஸ்திரிப் பெட்டியையும் மடிப்பின்மேல் நேரே நீர் தடவுவதையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். வெப்பமும் அழுத்தமும் ஹோஷோ தாளின் மென்மையை நசுக்கி, செயற்கையான பளபளப்பைத் தருகின்றன. ஓரிடத்தில் மட்டும் நீர் பட்டால், தாளில் சேர்ந்துள்ள சிதைவுப் பொருள்கள் கரைந்து ஈரத்தின் விளிம்புக்கு நகர்ந்து, உலர்ந்தபின் பழுப்பான நீர்வரியாகப் படிகின்றன. நீர்வரியை நீக்குவது மடிப்பை நீக்குவதைவிடக் கடினமானது.

பிளவுற்ற மடிப்புக்குத் தாங்குதாள்

பலமுறை மடித்து விரிக்கப்பட்ட நடுமடிப்பு சில இடங்களில் பிளந்திருக்கும். அவ்விடத்தைத் தட்டையாக்கினால் மட்டும் போதாது. முதுகுப்புறத்தில் தாங்குதல் வேண்டும். ஜப்பானியச் சுருளோவியப் பாதுகாப்பில் மடிப்புகளின் பின்புறம் மெல்லிய தாள்பட்டைகளை ஒட்டும் ஒரெபுசே என்னும் முறை உண்டு. சுருட்டி விரிக்கப்படும் ஓவியம் அதே இடத்தில் மீண்டும் மடங்காதிருக்க இது உதவுகிறது. தட்டையாக வைக்கப்படும் அச்சோவியத்துக்கு எல்லா மடிப்பிலும் இது தேவையில்லை. உண்மையாகப் பிளந்த பகுதிக்கு மட்டும் இம்முறையை எளிமையாக்கிப் பயன்படுத்தலாம்.

இதற்கேற்ற தாள் தெங்குஜோ எனப்படும் மிக மெல்லிய கோசோ தாள். தாளை நேராகக் கத்தரிக்காமல், நீரில் நனைத்த தூரிகையால் கோடிட்டு இருகையாலும் இழுத்துப் பிரித்தால் விளிம்பில் இழைகள் நீண்டு நிற்கும். இவ்விழை விளிம்பு ஓவியத் தாளோடு படிந்து, மேடு தெரியாமல் இணையும். பட்டையின் அகலம் சில மில்லிமீட்டர் போதும்.

பசையாகப் பயன்படுவது புரதம் நீக்கிய கோதுமை மாவுச்சத்து. ஒரு பங்கு மாவுச்சத்தை 4 அல்லது 5 பங்கு நீரில் ஊறவைத்து, இடைவிடாது கிளறியபடி மெல்லிய தீயில் ஏறத்தாழ அரைமணி நேரம் காய்ச்சினால் கண்ணாடி போன்ற பசை கிடைக்கும். ஆறியபின் நுண்ணிய சல்லடையில் அரித்து, நீர் சேர்த்து இளக்கிக்கொள்ள வேண்டும். இப்பசை உலர்ந்தபின்னும் ஈரத்தால் தளரும். பிற்காலத்தில் வேறொருவர் இப்பட்டையை நீக்க முடியும் என்பதே இதன் சிறப்பு. கடைகளில் விற்கும் வெண்பசை, ஒட்டும் நாடா ஆகியவை இத்தன்மை அற்றவை. ஒட்டும் நாடாவின் பிசின் காலப்போக்கில் தாளுக்குள் ஊடுருவி, மஞ்சள் படிந்து, ஓவியத்தின் முகப்பு வரை கறையாகத் தெரியும்.

பட்டையில் பசையை மிகக் குறைவாகத் தடவி, அதன் ஈரத்தை ஒற்றுத்தாளில் ஒருமுறை ஒற்றி எடுத்தபின்னரே ஓவியத்தின் முதுகில் வைக்க வேண்டும். உடனே பாலியெஸ்டர் துணியும் ஒற்றுத்தாளும் சிறு எடையும் வைத்து உலரவிட வேண்டும். முதன்முறை செய்வோர் மதிப்பற்ற வேறு கோசோ தாளில் பலமுறை பழகிய பின்னரே ஓவியத்தைத் தொடுதல் தகும். நிறங்கள் ஈரத்தைத் தாங்காதவை எனில் இப்பணியும் வல்லுநருக்கே உரியது.

கீறல்: இழப்பின் இயல்பு

கீறலின் நிலை வேறு. அதன் ஆழத்தைக் கொண்டு அதனை நான்காகப் பகுக்கலாம். மேற்பரப்பில் வேறொரு பொருளின் தூளோ அழுக்கோ மட்டும் படிந்த தடம் முதலாவது. அது மென்தூரிகைக்கு நீங்கக்கூடும். இழைகள் அழுந்திப் பளபளப்பாகத் தெரியும் தடம் இரண்டாவது. அங்கு நிறம் இழக்கப்படவில்லை, ஒளி திரும்பும் முறையே மாறியுள்ளது. இழைகள் எழும்பி நிற்கும் சிராய்ப்பு மூன்றாவது. நிறம் நீங்கி வெண்தாள் வெளித்தெரியும் கீறல் நான்காவது.

மூன்றாவது வகையில் இல்லத்தில் செய்யத்தக்கது ஒன்றே. எழும்பிய இழைகளின்மேல் வழவழப்பான தடுப்புத்தாளை வைத்து, விரல்நுனியால் தேய்க்காமல் நேர்கீழாக அழுத்தினால் இழைகள் ஓரளவு படியும். நிறம் தாங்கிய இழைகள் தம் இடத்துக்குத் திரும்புவதால் கீறல் கண்ணுக்குக் குறையும். அவ்விழைகளை அழுக்கு எனக் கருதிக் கிள்ளி எடுத்தால் நிறமும் அவற்றோடு போய்விடும்.

நான்காவது வகையில் மீட்பதற்கு எதுவும் எஞ்சவில்லை. மடிப்பில் இழைகள் இடம்மாறி இருக்கின்றன. அவற்றைத் திருப்பி அனுப்பலாம். கீறலில் நிறம் ஓவியத்தை விட்டு நீங்கிவிட்டது. அங்கு வைக்கப்படும் எதுவும் புதிய பொருளே.

மறுவண்ணத்தின் விலை

வெண்மையாகத் தெரியும் கீறலில் நீர்வண்ணத்தைத் தொட்டு வைக்கும் ஆவல் இயல்பானது. அதனால் விளையும் இடர்கள் மூன்று. கீறப்பட்ட இடத்தில் தோசாப் பூச்சும் சிதைந்திருப்பதால் தாள் அங்கு வண்ணத்தை மிகுதியாக உறிஞ்சும். வெண்கோடு கருங்கோடாக மாறும். விளக்கொளியில் ஒத்துத் தோன்றிய நிறம் பகலொளியில் வேறுபட்டுத் தோன்றும். மேலும், பழைய நிறமும் புதிய நிறமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. சில ஆண்டுகளில் திருத்திய இடம் தனித்துத் தெரியும். பொகாஷி எனப்படும் நிறச்சரிவில் இது இன்னும் கடினம். 1857இல் வெளிவந்த ஹிரோஷிகேயின் ஷின்-ஓஹாஷி பாலத்து மழைக்காட்சியில், நெருக்கமான மெல்லிய மழைக்கோடுகள் வானின் நிறச்சரிவோடு இணைந்து நிற்கின்றன. அதில் ஒரு கீறலை நிரப்ப முனையும் கை, ஒரு மழைக்கோட்டையேனும் அழிக்காமல் மீள்வது அரிது.

தொழில்முறை பாதுகாப்பு வல்லுநரும் மறுவண்ணத்தை இழப்புப் பகுதிக்குள் மட்டுமே, நீக்கத்தக்க இடைப்பூச்சின்மேல், ஆவணப்படுத்திச் செய்கின்றனர். மூல நிறத்தின்மேல் புதுநிறம் ஏற்றுவதை அவர்கள் ஏற்பதில்லை. இக்கட்டுப்பாட்டுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மங்கிய பழைய படிகளின்மேல் புதிதாகச் செதுக்கிய கட்டைகளைக் கொண்டு நிறமேற்றி, நன்கு பேணப்பட்ட படிகள் போல் விற்கும் வழக்கம் சந்தையில் இருந்தது. அது வெளிப்பட்டபோது சேகரிப்பாளரின் நம்பிக்கை குலைந்தது. நல்ல நோக்கத்தோடு வீட்டில் செய்யப்படும் திருத்தமும், பதிவு இல்லாமல் அடுத்தவர் கைக்குச் செல்லும்போது அதே குழப்பத்தை உண்டாக்கும்.

கண்ணுக்குக் குறைத்தலும் காப்பும்

ஓவியத்தைத் தொடாமலேயே குறையின் தோற்றத்தைத் தணிக்க வழிகள் உள்ளன. தாளை ஊடுருவிய துளையோ கிழிசலோ இருப்பின், ஒத்த சாயலுடைய அமிலமற்ற தாளைப் பின்னணியில் ஒட்டாமல் வைத்தால் வெண்மை உறுத்தாது. பக்கவாட்டு ஒளி மடிப்பை மிகைப்படுத்தும். நேர்முகமாகப் பரவும் மென்னொளி அதனைக் குறைக்கும். அமிலமற்ற அட்டையில் சாளரச் சட்டம் வெட்டி, ஓவியத்தின் மேல்விளிம்பை மட்டும் கோசோ தாள் கீல்களால் பொருத்தினால் தாள் தடையின்றி விரிந்து சுருங்கும். புதிய சுருக்கங்கள் தோன்றா. கண்ணாடி ஓவியத்தைத் தொடாதிருக்க இச்சட்டத்தின் தடிமன் உதவும்.

தாள் ஓவியங்களைக் காட்சிப்படுத்த 50 லக்ஸ் ஒளியளவே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒளியின் தாக்கத்துக்கு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பு தக்க சான்றாகும். காட்சிக்கு வைக்கலாகாது என்ற நிபந்தனையோடு 1921இல் வழங்கப்பட்ட இத்தொகுப்பின் 6,000க்கும் மேற்பட்ட ஓவியங்களில், பிற இடங்களில் மங்கிப்போன தாவர நிறங்கள் வியத்தகு நிலையில் எஞ்சியுள்ளன. மடிப்பு ஒன்றை நீக்கப் பலநாள் உழைத்து, பின்னர் அதே ஓவியத்தை வெயில்படும் சுவரில் மாட்டுவது பொருளற்றது.

செய்யப்பட்ட ஒவ்வொரு சீரமைப்பும், பயன்படுத்திய தாள், பசை, நாள் ஆகிய விவரங்களோடு தனித்தாளில் எழுதப்பட்டு ஓவியத்தோடு வைக்கப்பட வேண்டும். ஓவியத்தின் முதுகில் எதனையும் எழுதலாகாது. ஓவியம் கைமாறும்போது இப்பதிவும் கைமாற வேண்டும்.

முடிவுரை

இல்லத்தில் செய்யத்தக்க செப்பனிடுதல் ஒரு குறுகிய எல்லைக்குள் அடங்குவதை மேற்கண்டவை காட்டுகின்றன. அவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. கோடு ஒவ்வொன்றும் கட்டையில், அச்சிடுகையில், கையாளுகையில் என எப்போது உண்டானது எனக் கண்டபின்னரே அதனைச் சேதம் எனக் கொள்ள வேண்டும். அச்சாளர் மடிப்பைத் தொடலாகாது.

2. கையாளலால் வந்த மடிப்புக்கு உலர் எடையே முதல் வழி. குளிர் ஈரப்பதம், நிறங்கள் சோதனையில் தேறிய, புடைப்பும் அப்பிரகமும் இல்லாத படிகளுக்கு மட்டுமே உரியது.

3. பிளவுக்கு மெல்லிய கோசோ தாளும் மாவுச்சத்துப் பசையும் தவிர வேறொன்றும் பயன்படுத்தலாகாது.

4. எழும்பிய இழைகளைப் படியச்செய்யலாம். நீங்கிய நிறத்தை நிரப்ப முயலலாகாது.

5. அய்கமி, அனிலின் நிறங்கள் கொண்டவையும் அரிய படிகளும் வல்லுநரிடமே ஒப்படைக்கத்தக்கவை.

தளர்த்திய மடிப்பின் தடம் மெல்லிய கோடாக எஞ்சுவது பெரும்பாலும் தவிர்க்க இயலாதது. அக்கோடு, ஓவியம் ஒருகாலத்தில் யாரோ ஒருவரின் ஏட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதைக் காட்டும் சான்றாகவும் நிற்கிறது. அதனை மேலும் துடைத்தழிக்க முயலாமல், தாள் மீண்டும் அதே இடத்தில் மடங்காதவாறு காப்பதே உரிமையாளரின் கடமையாகும்.